வெங்காயக் கணக்கும் சைமன் பெய்டன் ஜோன்ஸும்

எங்கட அக்கா கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்குப் பாக்கிறா, பதினொரு வருசமாச்சு. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய் எல்லாம் லொறியில வந்து இறங்கும், மூட்டை மூட்டையா நிறுத்து, சாக்கு நிறை கழிச்சு, அழுகல் கழிச்சு, மூட்டை தூக்கிற நாட்டாமைக் கூலி போட்டு, தரகு போட்டு, கடைசியில ஒரு கிலோ என்ன விலைக்கு அடங்குது எண்டு வரோணும். எல்லாம் எக்செல்லதான். போன மாசம் போயா லீவண்டைக்கு வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டில லப்டொப்புக்கு முன்னால தலையில கையோட இருந்தா. என்னக்கா எண்டு கேட்டன். சாக்கு மாறிட்டுதாம், முந்திச் சணல் சாக்கு, இப்ப வலைச் சாக்கு, அப்ப மூட்டைக்குக் கழிக்கிற நிறையும் குறையுது, அந்தக் கணக்கு ஒவ்வொரு வரியிலயும் கிடக்கு, பன்னிரண்டு ஷீட், ஒவ்வொண்டிலயும் முந்நூறு நாநூறு வரி. மாத்தினவாதான், ஆனா ரெண்டு ஷீட்டில பழைய ஃபோர்முலா அப்பிடியே நிண்டிருக்கு, மூண்டு கிழமையா ஒருத்தரும் காணேல்லை, அடக்கவிலை கூடக் காட்டி, விக்கிற விலையையும் கூட்டிச் சொல்லி, வழமையா வாற ஆக்கள் ரெண்டு மூண்டு பேர் பக்கத்துக் கடைக்குப் போட்டினம்.

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அந்த முழுக் கணக்கையும் லாம்டா எண்ட ஃபங்ஷனுக்குள்ள போட்டு, மொத்த நிறை, மூட்டை எண்ணிக்கை, சாக்கு நிறை, வாங்கின விலை, கூலி இவ்வளவையும் குடுத்தா அடக்கவிலையைத் தாற மாதிரி எழுதி, நேம் மனேஜர்ல அதுக்கு அடக்கம் எண்டு இங்கிலீஷ் எழுத்தில ஒரு பேரும் வச்சுக் குடுத்தன். இனி வரி வரியா அந்தப் பேர்தான் இருக்கும், கணக்கு மாறினா ஒரே இடத்தில மாத்தினாச் சரி. அக்கா கொஞ்ச நேரம் பேசாமப் பாத்துக்கொண்டிருந்தா.

"அப்ப எக்செல்ல சம் எண்டு ஒண்டு இருக்கிற மாதிரி, எனக்கு வேண்டினதை நானே செய்து வச்சுக்கொள்ளுறதோ?"

ஓம் எண்டன்.

"இதை முந்தியே தந்திருக்கலாமே. ஆர் தம்பி இதைச் செய்தது?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வெளிக்கிட்டு, தேத்தண்ணி ஆறி, அக்கா கொட்டாவி விட்டு, கடைசியில பிறகு கேக்கிறன் எண்டுட்டுப் போட்டா. எனக்கு விட மனமில்லை. அதால இஞ்ச எழுதுறன்.

லாம்டாவுக்குப் பின்னால ஒரு டீமே இருந்தது, அதில என்ர மனசுக்குக் கிட்டவான ஒருத்தர் சைமன் பெய்டன் ஜோன்ஸ். 1958ல தென்னாபிரிக்காவில பிறந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கொலிஜில படிச்சு 1980ல வெளிய வந்தவர். பிஎச்டி செய்யேல்லை. இதை நான் முதலே சொல்லுறன், ஏனெண்டா எங்கட பக்கத்தில கம்பஸ் முடிச்ச பிள்ளையள் எல்லாரும் மாஸ்டர்ஸ், பிஎச்டி, எந்த நாடு, எந்த ஸ்கொலர்ஷிப் எண்டு அதுக்குள்ளயே மூச்சு முட்டிக்கொண்டு நிக்கினம், இந்த மனிசன் பிஎச்டி இல்லாமலே 1990ல கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில பேராசிரியர் ஆனவர், 2016ல ரோயல் சொசைட்டி ஃபெலோவும் ஆனவர். அந்தக் காலம் வேற, இப்ப அப்பிடி நடக்கிறது கஷ்டம் எண்டு எனக்கும் தெரியும். எண்டாலும் அவர் எப்பிடித் தொடங்கினவர் எண்டு பாத்தா எனக்கு ஒவ்வொருமுறையும் தெம்பு வரும்.

கம்பஸ் முடிச்சு ரெண்டு வருசம் ஒரு சின்னக் கொம்பனியில வேலை செய்துபோட்டு 1983ல யூனிவர்சிட்டி கொலிஜ் லண்டன்ல விரிவுரையாளராப் போறார். முதல் வருசம் படிப்பிக்கிற சுமையைக் குறைச்சு, ஆராய்ச்சி செய்யும் எண்டு நேரம் குடுத்திருக்கினம். இவருக்கோ ஆராய்ச்சி எப்பிடிச் செய்யிறது எண்டு தெரியாது, வெள்ளைத் தாளை வச்சுக்கொண்டு பெரிய ஐடியா ஏதும் வருமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தாராம், ஒண்டும் வரேல்லை. அப்ப அங்க இருந்த ஜோன் வொஷ்புறூக் எண்ட மூத்தவர் ஒருத்தர், எவ்வளவு சின்னனா இருந்தாலும் பரவாயில்லை ஏதாவது ஒண்டைச் செய்யத் தொடங்கும் எண்டு சொல்லியிருக்கிறார். இதைப் பெய்டன் ஜோன்ஸே பிறகு ஒரு பேட்டியில சொன்னவர். அப்பிடி அவர் செய்த சின்ன வேலை, யாக் எண்ட, ஒரு மொழியின்ர இலக்கணத்தைக் குடுத்தா அதை வாசிக்கிற புரோகிராமை எழுதித் தாற கருவியை, சாஸல் எண்ட ஃபங்ஷனல் மொழியில எழுதிப் பாத்து அதைப் பற்றி ஒரு கட்டுரை, 1985ல வந்தது. சாஸல் டேவிட் டேர்னர் செய்த மொழி. அந்தக் கட்டுரையை இண்டைக்கு ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்லை, ஆனா ரெண்டு வருசத்தில, 1987ல, ஃபங்ஷனல் மொழிகளை மெசின்ல எப்பிடி ஓட வைக்கிறது எண்டு முழுசா ஒரு புத்தகமே எழுதிட்டார், அது இந்தத் துறையில எல்லாரும் படிச்ச புத்தகம்.

ஃபங்ஷனல் புரோகிராமிங் எண்டா என்ன எண்டு அக்காவுக்கு நான் சொன்னதையே இஞ்சயும் சொல்லுறன். பள்ளிக்கூடத்துக் கணிதத்தில சார்பு எண்டு படிச்சனாங்கள்தானே, மூண்டைக் குடுத்தா ஒன்பது வரும் எண்டா எப்ப குடுத்தாலும் ஒன்பதுதான், திங்கக்கிழமை எட்டு வராது, ஆரும் பக்கத்து அறையில எதையும் மாத்தினதால விடை மாறாது. புரோகிராம் முழுக்க அப்பிடியான சார்புகளால கட்டுறது. சாதாரணமா நாங்கள் எழுதுற ஜாவாவில ஒரு பெட்டிக்குள்ள ஐஞ்சை வச்சிட்டுப் போனா திரும்பி வரேக்க அதுக்குள்ள ஏழு இருக்கும், ஆர் வச்சது எண்டு தேடுறதிலயே எங்கட சீவியம் போகுது. இதுக்கு மாத்து வழி வேணும் எண்டு பெரிய சத்தமாச் சொன்னது ஜோன் பேக்கஸ். 1957ல வந்த ஃபோர்ட்ரானைச் செய்த ஐபிஎம் டீமுக்குத் தலைமை தாங்கின அதே ஆள். அந்தப் பழைய வழியின்ர தகப்பன்மாரில ஒருத்தரே 1977ல கொம்பியூட்டர் துறையின்ர பெரிய விருதான டூரிங் விருது வாங்கேக்க மேடையில ஏறி, நாங்கள் இப்பிடி எழுதுறது சரியில்லை எண்டு சொன்னா எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பெய்டன் ஜோன்ஸ் மாதிரி அப்ப கம்பஸில இருந்த பிள்ளையளுக்கு அது நெருப்பு மாதிரிப் பத்தியிருக்கு.

அந்தக் காலத்தில ஃபங்ஷனல் மொழிகளுக்குள்ள லேஸி மொழிகள் எண்டு ஒரு கூட்டம் இருந்தது. லேஸி எண்டா சோம்பல், எங்கட ஊர்ப் பேச்சில பஞ்சி. பஞ்சி பிடிச்ச மொழி. காலி வீதியில மத்தியானம் சோத்துப் பார்சல் விக்கிற கடையையும் இரவு கொத்துரொட்டி போடுற கடையையும் யோசிச்சுப் பாருங்கோ. பார்சல் கடையில பதினொரு மணிக்கே எல்லாத்தையும் கட்டி அடுக்கிடுவினம், ஆள் வந்தாலும் வராட்டியும். கொத்துக் கடையில நீங்கள் கேக்கும் மட்டும் தட்டில கை வைக்க மாட்டினம், முட்டைக் கொத்து எண்டு கேட்டா அப்பத்தான் தடதடவெண்டு சத்தம் கேக்கும். பஞ்சி மொழி கொத்துக் கடை. ஒரு விடை தேவைப்படும் மட்டும் அதைக் கணக்குப் பாக்காது, அதால முடிவே இல்லாத ஒரு பட்டியலைக்கூட நீங்கள் எழுதி வைக்கலாம், முதல் பத்தை மட்டும் கேட்டா பத்தோட நிண்டிடும்.

1987ல இப்பிடியான மொழிகள் ஒரு டசினுக்கு மேல இருந்தது, ஒவ்வொரு கம்பஸும் தன்ர தன்ரயை வச்சுக்கொண்டு. அந்த வருசம் அமெரிக்காவில போர்ட்லண்ட்ல நடந்த ஒரு மகாநாட்டில கூடிக் கதைச்சு, எல்லாருக்கும் பொதுவா ஒண்டைச் செய்வம் எண்டு முடிவெடுத்தினம். டேர்னர் செய்த மிராண்டா எண்ட மொழியை அத்திவாரமா வச்சுத் தொடங்குவம் எண்டு அவரிட்டக் கேட்டவை, அவர் சம்மதிக்கேல்லை, அதால புதுசாவே தொடங்கினது. அதுக்கு ஹஸ்கல் கறி எண்ட தர்க்கவியலாளரின்ர பேரை வச்சு ஹாஸ்கல் எண்டு கூப்பிட்டினம். அவர் 1982லயே காலமாகிட்டார், அதால அவற்ற மனிசியைப் போய்ப் பாத்தவை, அந்த அம்மா இவையை அன்பா உபசரிச்சு, வெளிக்கிடுற நேரத்தில, உண்மையில அவருக்குத் தன்ர பேர் பிடிக்கிறதே இல்லை எண்டு சொன்னாவாம். முதல் அறிக்கை வெளிவந்தது 1990 ஏப்ரல் 1.

இனி எனக்கு மிச்சம் பிடிச்ச பகுதி. மொழி வந்திட்டுது, வடிவா இருக்கு, ஆனா அதால ஸ்கிரீன்ல ஒரு வரி எழுதுறதே பெரும்பாடு. ஏனெண்டு பாருங்கோ, கணக்கு எப்ப நடக்கும் எண்டே தெரியாத கொத்துக் கடையில, இப்ப இதை எழுது, பிறகு அதை வாசி எண்டு சொன்னா இப்ப எண்டா எப்ப? வேற மொழிக்காரர் எண்டா சரி இந்த ஒரு இடத்தில மட்டும் விட்டுக் குடுப்பம் எண்டு தூய்மையை, அதாவது எப்ப குடுத்தாலும் அதே விடை எண்ட விதியை, உடைச்சிருப்பினம், உடைச்சும் இருக்கினம். பஞ்சியா இருந்தபடியால இவைக்கு அந்தக் கதவே இல்லை. பஞ்சிதான் தங்களை நேர்மையா வச்சிருந்தது எண்டு பெய்டன் ஜோன்ஸ் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். சில வருசம் சுத்திவளைச்ச வழிகளோட கஷ்டப்பட்டவை. பிறகு யூஜினியோ மொஜி எண்ட இத்தாலிக்காரர் வேற ஒரு விசயத்துக்காக எழுதின மொனாட் எண்ட கணித யோசனையை, கிளாஸ்கோவில இருந்த ஃபிலிப் வாட்லர் எடுத்து புரோகிராமுக்குள்ள கொண்டு வந்து, 1993ல வாட்லரும் பெய்டன் ஜோன்ஸும் சேர்ந்து அதை வச்சே உள்ளீடு வெளியீடு எல்லாத்தையும் செய்யலாம் எண்டு காட்டிச்சினம்.

மொனாட் எண்டதைக் கேட்டாலே ஆக்கள் பயப்பிடினம், எனக்கும் மாசக்கணக்கா விளங்கேல்லை. பிறகு ஒருநாள் அம்மா சாமான் துண்டு எழுதேக்கதான் சடாரெண்டு பிடிபட்டது. வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் போக அம்மா எழுதித் தாற துண்டு இருக்கே, அதை எழுதுறதால ஒரு காசும் செலவாகிறேல்லை, ஒரு மீனும் வீட்டுக்கு வாறேல்லை. அது வெறும் துண்டு. ரெண்டு துண்டை ஒட்டினா பெரிய துண்டு. இன்னும், முதல்ல மீன் கடைக்குப் போ, என்ன மீன் கிடைக்குதோ அதைப் பாத்து மிச்சத்தை வாங்கு, பாரை எண்டா புளி, இறால் எண்டா தேங்காய் எண்டும் எழுதலாம். ஹாஸ்கல்ல நீங்கள் எழுதுறது முழுக்க இப்பிடித் துண்டுகள்தான், துண்டு ஒரு பெறுமதி, ஐஞ்சு ஆறு மாதிரி, அதைக் கையில வச்சிருக்கலாம், பட்டியல்ல போடலாம், கிழிக்கலாம். கடைசியில ஒரே ஒரு துண்டை ஆரோ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகினம், அப்பத்தான் உலகத்தில ஏதும் நடக்குது. முதல் துண்டின்ர விடையைப் பாத்து அடுத்த துண்டை எழுதுற அந்த ஒட்டு, அதுதான் மொனாட். இதை விளங்கின அண்டைக்கு நான் சமையலறைக் கதவில சாஞ்சுகொண்டு அம்மாட கையெழுத்தையே பாத்துக்கொண்டு நிண்டன், அம்மா என்னப்பு காய்ச்சலோ எண்டு கேட்டா.

கிளாஸ்கோவில அவரும் கூட்டாளிமாரும் செய்த இன்னொரு பெரிய வேலை ஜிஎச்சி, அதாவது கிளாஸ்கோ ஹாஸ்கல் கொம்பைலர், எழுதின ஹாஸ்கலை மெசினுக்கு விளங்கிற மாதிரி மாத்திற புரோகிராம். அதை ஹாஸ்கல்லயே எழுதினவை, அதால தாங்கள் செய்த மொழியின்ர சோகங்களைத் தாங்களே முதல்ல அனுபவிச்சவை. 1991ல முதல் சோதனை வெளியீடு, இண்டைக்கும் அதுதான் ஹாஸ்கல் உலகத்தின்ர பிரதான கொம்பைலர். 1998ல அவர் கேம்பிரிட்ஜில இருக்கிற மைக்ரோசொஃப்ட் ரிசேர்ச்சுக்குப் போனவர், கொம்பைலரைக் கையோட கூட்டிக்கொண்டு போன மாதிரித்தான், அங்க இருந்து இருபது வருசத்துக்கு மேல அதைப் பாத்துப் பாத்து வளத்தவர், அதில கன வருசம் சைமன் மார்லோவோட சேர்ந்து. 2011ல ரெண்டு பேருக்கும் அதுக்கு ஏசிஎம் எண்ட கொம்பியூட்டர் சங்கத்தில புரோகிராமிங் மொழிகளுக்கான பிரிவான சிக்பிளானின்ர மென்பொருள் விருது கிடைச்சது. இடையில 2005ல டிம் ஹரிஸ், மார்லோ, மொரிஸ் ஹேர்லிஹி ஆக்களோட சேர்ந்து எஸ்டிஎம் எண்டு ஒண்டு. ரெண்டு கணக்குக்கு இடையில காசு மாத்தேக்க பூட்டுப் போட்டுப் பூட்டுத் திறந்து மண்டை காயிறதுக்குப் பதிலா, இந்த முழு வேலையும் ஒண்டா நடக்கோணும் இல்லாட்டி நடக்கவே கூடாது எண்டு எழுதிவிடுறது. நான் வேலை செய்யிறது காசு பரிமாற்ற சிஸ்டத்தில, அதால அந்தக் கட்டுரையை வாசிச்ச இரவு எனக்கு நித்திரையே வரேல்லை.

ஹாஸ்கலுக்கு ஒரு சுலோகம் இருந்தது, பெய்டன் ஜோன்ஸ்தான் சொன்னவர். இங்கிலீஷ்ல அதை ரெண்டு மாதிரிப் பிரிக்கலாம். எப்பாடு பட்டாவது வெற்றியைத் தவிர் எண்டும் விளங்கும், எப்பாடு பட்டாவது வெற்றி எண்ட போக்கைத் தவிர் எண்டும் விளங்கும். ரெண்டாவதுதான் எனக்கு நெஞ்சில நிக்குது. கனபேர் பாவிக்கத் தொடங்கினா ஒண்டையும் மாத்தேலாது, மாத்தினா ஆக்களின்ர புரோகிராம் உடையும். பாவிக்கிற ஆக்கள் குறைவா இருந்தபடியால அவை பிழை விட்டுத் திருத்தி, திருப்பிப் பிழை விட்டுப் படிச்சினம்.

சரி, எக்செல்லுக்கு வாறன். ஃபங்ஷனல் மொழி உலகத்தில ஆரும் பாவிக்கிறேல்லை எண்டு ஆக்கள் சொல்லேக்க அவர் விடாமச் சொல்லுற பதில், உலகத்திலயே கூடப் பேர் பாவிக்கிற புரோகிராமிங் மொழி எக்செல் ஃபோர்முலா, அது ஒரு ஃபங்ஷனல் மொழி. யோசிச்சுப் பாத்தா சரிதான். ஷீட்டில ஒரு கட்டத்துக்குள்ள ஃபோர்முலா எழுதினா அது இன்னொரு கட்டத்தைப் போய் மாத்தாது, தன்ர விடையை மட்டும்தான் தரும். எது முதல் எது பிறகு எண்டு நீங்கள் சொல்லுறேல்லை, எது எதில தங்கி இருக்கு எண்டதைப் பாத்து அதுவே ஒழுங்கு பண்ணும். எங்கட அக்கா பதினொரு வருசமா ஃபங்ஷனல் புரோகிராமர். ஆனா அந்த மொழியில முந்தி ஒரு பெரிய குறை இருந்தது, உங்கட சொந்த ஃபங்ஷனை அந்த மொழியிலயே செய்யேலாது. ஒரு புரோகிராமருக்கு இதைச் சொன்னா நம்ப மாட்டான். 2003ல பெய்டன் ஜோன்ஸ், அலன் பிளக்வெல், மார்கரெட் பேர்னட் மூண்டு பேரும் சேர்ந்து, பாவிக்கிற சாதாரண ஆக்களே எக்செல்ல ஃபங்ஷன் செய்யிறதுக்கு எப்பிடி வழி குடுக்கலாம் எண்டு ஒரு கட்டுரை எழுதினவை. அவர் இருந்தது மைக்ரோசொஃப்ட்டுக்குள்ள, எக்செல்லும் மைக்ரோசொஃப்ட்ட, அப்பவும் லாம்டா வந்தது 2020 டிசம்பர்ல. பதினேழு வருசம். லாம்டா எண்ட பேரோ 1930களில அலோன்சோ சேர்ச் செய்த லாம்டா கணிதத்தில இருந்து வாறது, கொம்பியூட்டரே இல்லாத காலம்.

அந்தப் பதினேழு வருசத்தை நான் அடிக்கடி யோசிப்பன். ஒரு ஆள் சரி எண்டு தெரிஞ்ச ஒண்டை எழுதி வச்சிட்டு, கோபிச்சுக்கொண்டு போகாம, கொம்பைலரைப் பாத்து, பிள்ளையளைப் படிப்பிச்சு, திரும்பத் திரும்ப அதே விசயத்தைச் சிரிச்ச முகத்தோட விளங்கப்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். அவற்ற பேச்சுகளை யூடியூப்ல பாருங்கோ, ஸ்லைட் எல்லாம் கொமிக் சான்ஸ் எழுத்தில இருக்கும், அவர் கையைக் காலை ஆட்டி ஓடித் திரிஞ்சு விளங்கப்படுத்துவார், முதல்முறை கண்டுபிடிச்ச மாதிரி ஒரு சந்தோசம் முகத்தில நிக்கும்.

என்ர கதையையும் கொஞ்சம் சொல்லோணும். நான் கொழும்பில படிச்சு கொழும்பிலயே வேலைக்குப் போனவன், ஜாவாதான் சோறு போட்டது, இப்பவும் போடுது. ஜாவா 8 2014ல வரேக்க அதிலயும் லாம்டா வந்தது, மாப், ஃபில்டர் எண்டு எழுதத் தொடங்கினம், அது எங்க இருந்து வந்தது எண்டு அப்ப நான் கேக்கேல்லை. ஹாஸ்கல் படிச்சது 2022ல, இலங்கையில பொருளாதாரம் விழுந்த வருசம். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் வந்ததே, அந்த நேரம். வைஃபை செத்துப்போகும், ஒஃபிஸ் வேலை நிண்டிடும், காஸுக்கு லைன்ல சிலிண்டரை வச்சிட்டு வந்து பல்கனியில இருந்தா லப்டொப்பில ரெண்டு மணித்தியாலம் பற்றரி இருக்கும். ஜிஎச்சி ஏற்கனவே இறக்கி வச்சிருந்தன், அதுக்கு இன்டர்நெட் தேவையில்லை. கடல் பக்கம் இருட்டா இருக்கும், ரெயில் போற சத்தம் மட்டும் கேக்கும். எல்லாம் உடைஞ்சுகொண்டிருந்த அந்த மாசங்களில, மூண்டைக் குடுத்தா ஒன்பது எண்டா ஒன்பதுதான் எண்டு நிக்கிற ஒரு சாமான் என்ர மடியில இருந்தது. அதை நான் மறக்க மாட்டன்.

அதே வருசம் என்னோட படிச்ச ஆக்களில பாதிப்பேர் நாட்டை விட்டுப் போட்டினம். ரொறொன்ரோவில இருக்கிற மாமா ஃபோன் எடுத்து, தம்பி உது படிச்சா இஞ்ச வரேலுமோ எண்டு கேட்டவர். ஒரு இடத்தில இன்டர்வியூவுக்குப் போனன், சிவியில ஹாஸ்கல் எண்டு இருந்ததைப் பாத்துட்டு, இதெல்லாம் இந்த நாட்டில ஆருக்கு வேணும், நேரத்தை வீணாக்கியிருக்கிறீர் எண்டு அந்தப் பெரியவர் சொன்னவர். அண்டைக்கு 100ம் நம்பர் பஸ்ஸில வரேக்க மனம் நல்லாச் சோர்ந்து போச்சு.

ஆனா அவர் சொன்னது பிழை. எங்கட டீமில ஒருக்கா ஒரே பரிமாற்றம் சில நேரம் ரெண்டுதரம் பதியுது, எப்ப எண்டு சொல்லேலாது, டெஸ்ட்ல வராது, சனம் கூடப் பாவிக்கிற சம்பள நாளில மட்டும் வரும். ரெண்டு இரவு முழிச்சுத் தேடினம். கடைசியில பாத்தா ஒரு பட்டியல், ரெண்டு த்ரெட், அதாவது புரோகிராமுக்குள்ள பக்கம் பக்கமா ஓடுற ரெண்டு வேலை, ஒரே நேரத்தில அதுக்குள்ள கை வைக்குது. நான் அந்தப் பகுதி முழுக்க மாத்தவே முடியாத பெறுமதிகளா எழுதி, என்ன நடக்கோணும் எண்டதை ஒரு பக்கமும் அதைச் செய்யிறதை இன்னொரு பக்கமுமாப் பிரிச்சன், அம்மாட துண்டு மாதிரி. மொழி ஜாவாதான். அதுக்குப் பிறகு அந்தப் பிழை வரேல்லை. டீமில இருந்த சிங்களப் பெடியன் ஒருத்தன் இது எங்க படிச்சது மச்சான் எண்டு கேட்டு, இப்ப வெள்ளிக்கிழமை பின்னேரங்களில நாங்கள் நாலு பேர் இருந்து ஹாஸ்கல் படிக்கிறம்.

கொழும்பிலயே பிறந்த மொழி ஒண்டு இருக்கு எண்டதும் கனபேருக்குத் தெரியாது. டபிள்யூஎஸ்ஓ2 எண்ட மென்பொருள் கொம்பனி செய்த பலரீனா, 2019 செப்டெம்பர்ல 1.0 வந்தது. முழு ஃபங்ஷனல் மொழி எண்டு சொல்லேலாது, ஆனா மாத்தேலாத பெறுமதிக்கு எண்டு ரீட்ஒன்லி எண்ட டைப் இருக்கு, பட்டியல்ல தேடி எடுக்கிறதுக்குக் குவெரி எழுதலாம், ஹாஸ்கல் படிச்ச கண்ணால பாத்தா சொந்தக்காரரை வீதியில கண்ட மாதிரி இருக்கும். ரஸ்ட் மொழியில, ஒரு டைப்பால என்னென்ன செய்யேலும் எண்டு சொல்லி வைக்கிற டிரெய்ட் எண்டதும் அப்பிடித்தான், 1989ல வாட்லரும் ஸ்டீஃபன் பிளொட்டும் எழுதின, ஹாஸ்கல்ல இருக்கிற டைப் கிளாஸ் எண்ட யோசனையில இருந்து வந்தது. ஹாஸ்கலைப் பாவிக்கிற ஆக்கள் கொஞ்சப் பேர்தான், அதின்ர யோசனைகள் இல்லாத புது மொழி ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்.

பெய்டன் ஜோன்ஸ் மொழியோட மட்டும் நிண்டவரும் இல்லை. இங்கிலாந்தில பள்ளிக்கூடங்களில கொம்பியூட்டர் எண்டு வேர்ட்டும் பவர்பொயின்ட்டும்தான் படிப்பிக்கினம், அதுக்குப் பின்னால இருக்கிற அறிவியலைப் படிப்பிக்கிறேல்லை எண்டு கவலைப்பட்டு, 2008ல ஆசிரியர்மாரோட சேர்ந்து கொம்பியூட்டிங் அட் ஸ்கூல் எண்ட அமைப்பைத் தொடங்கினவையில அவரும் ஒருத்தர். 2014 செப்டெம்பர்ல இருந்து அங்க ஐஞ்சு வயசுப் பிள்ளையளுக்கே கொம்பியூட்டிங் பாடத்திட்டத்தில வந்திட்டுது. அக்காட மகள், என்ர மருமகள், ஐசிடி படிக்கிறாள், ஏஎல் எடுத்தா பைதனும் வரும், நல்ல விசயம். அவளிட்ட நான் வேற ஒண்டும் சொல்லுறேல்லை, ஒரே ஃபங்ஷனுக்கு ஒரே விடை வருதோ எண்டு மட்டும் பார் எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.

2021ல அறுபத்திமூண்டு வயசில பெய்டன் ஜோன்ஸ் மைக்ரோசொஃப்ட்டை விட்டு எபிக் கேம்ஸுக்குப் போட்டார், ஃபோர்ட்நைட் விளையாட்டுச் செய்யிற கொம்பனி. அங்க வேர்ஸ் எண்டு ஒரு புது மொழி, ஃபங்ஷனலும் லொஜிக்கும் கலந்தது, 2023 மார்ச்ல ஃபோர்ட்நைட்டுக்குள்ள விளையாட்டுச் செய்யிற ஆக்களின்ர கைக்கு வந்திட்டுது. ஓய்வெடுக்கிற வயசில திரும்பவும் வெள்ளைத் தாள்.

இவ்வளவும் எழுதி முடிச்சு இண்டைக்குப் பின்னேரம் போஸ்ட் பண்ணுவம் எண்டு இருக்கேக்க அக்கா கடையால வந்தா. கடையில இருக்கிற பழைய எக்செல்ல லாம்டா வேலை செய்யேல்லையாம், முதலாளியிட்டச் சொல்லிப் புதுசு எடுப்பிச்சிட்டாவாம். பாக்கை வச்சிட்டு முகம் கழுவாமலே என்ர மேசைக்கு வந்தா.

"தம்பி, கடனுக்கு எடுக்கிற கடைக்காரர் இருக்கினம்தானே, அவை ஒரு லட்சம் கொண்டந்து தந்தா நாங்கள் பழைய பில்லில இருந்து கழிப்பம். முதல் பில் முப்பதாயிரம் எண்டா அது முடிஞ்சுது, மிச்ச எழுபதோட அடுத்த பில்லுக்குப் போகோணும், அங்கயும் கழிச்சுப்போட்டு வாற மிச்சத்தோட அதுக்கடுத்த பில். ஒவ்வொரு பில்லுக்கும் செய்யிறது ஒரே கணக்குத்தான், காசுதான் குறைஞ்சு குறைஞ்சு வருது. நான் பஸ்ஸில வரேக்க யோசிச்சன். நீ பேர் வச்சுத் தந்தியே, அந்த மாதிரி இதுக்கும் ஒரு பேர் வச்சு, அதுக்குள்ளயே அந்தப் பேரை நான் திருப்பிக் கூப்பிடேலுமோ?"

ஏலும் அக்கா எண்டு சொல்லி, பக்கத்துக் கதிரையில இருந்த உடுப்பை எடுத்துக் கட்டில்ல போட்டிட்டு, இரு எண்டன்.